கூலி என்ற சொல் டர்பனில் ஏன் சுடுகிறது?

கேள்வி இது: "சென்னையிலிருந்து வேலைக்காக டர்பன் வந்து ஆறு மாதம் ஆகிறது. உடன் வேலை பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், எங்கள் ஊரில் வீடு கட்ட இப்போதெல்லாம் கூலியாட்கள் கிடைப்பதில்லை என்றேன். நண்பரின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கூலி நல்ல தமிழ்ச் சொல்தானே? ஆனால் அதே வீட்டுப் பையன்கள் ஒருவரையொருவர் 'சாரோ' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அது இந்தியர்களை மட்டம் தட்டும் சொல் என்று வேறொருவர் சொன்னார். எது வசை, எது வசையில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தச் சொற்கள் ஏன் இப்படி மாறுகின்றன?"

நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி 1998இல் இங்கே வந்தவள் நான். சாட்ஸ்வர்த்தில் வீடு. வந்த வருடமே மழையில் பின்பக்கச் சுவர் சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "சுவர் வைக்கக் கூலி எவ்வளவு கேப்பாங்க ஆயா?" என்று கேட்டேன். உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மடியில் இருந்த தோலையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "அந்த வார்த்தை வேண்டாம்மா. சம்பளம்னு சொல்லு" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆறாத புண்ணில் கை பட்டால் ஒரு சுருக்கம் வருமே, அது இருந்தது.

ஊரில் மொழியியல் படித்தவள் நான், இங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆயாவின் அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அதனால் உங்களுக்குச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். கூலி நல்ல தமிழ்ச் சொல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்கிறது குறள். உடம்பை வருத்தியதற்குக் கிடைக்கும் பலன் கூலி. ஊரில் இன்றைக்கும் கூலி வாங்குவதில் இழிவு இல்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் ஏய்ப்பவனைத்தான் ஊர் காறித் துப்பும்.

அந்தச் சொல் வெள்ளைக்காரர் வாயில் விழுந்தபோது ஒரு காரியம் நடந்தது. ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஆகி வருவதை நம் இலக்கணம் ஆகுபெயர் என்று சொல்லும். தமிழில் நாம் இயல்பாகக் கூலியாள், கூலிக்காரர் என்போம். அங்கே ஓர் ஆள் இருக்கிறார், கூலி அவர் கைக்கு வரும் பணம். ஐரோப்பிய வணிகர்கள் அந்த ஆளை உதிர்த்துவிட்டுக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பணத்தின் பெயர் மனிதனின் பெயராகிவிட்டது. குஜராத்தின் கோலி என்ற குலப்பெயர்தான் மூலம் என்போரும் உண்டு, இரண்டும் கலந்தும் இருக்கலாம். எப்படியானாலும் 19ஆம் நூற்றாண்டில் அடிமை முறை ஒழிந்து, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்த ஆட்களைக் கப்பலேற்றத் தொடங்கியபோது, ஏற்றுகிறவர்களின் கணக்குப் புத்தகத்தில் நம்மவர்களுக்கு இருந்த பெயர் அதுதான்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு, அதாவது என் சொந்த மாவட்டம், மிக அதிகமானவர்களை அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள்.

அந்தக் கட்டத்தில்கூட, தோட்டத்தில் வேலை செய்கிறவனைக் குறிக்கும் சொல் என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். அடுத்த கட்டத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. 1872இல், டர்பன் அடங்கிய நேட்டால் குடியேற்ற அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கே 'கூலி கமிஷன்' என்று பெயர். 1885இல், வடக்கே இருந்த போயர் குடியரசான டிரான்ஸ்வாலில் வந்த மூன்றாம் எண் சட்டம், ஆசிய இனத்தவர் என்றால் யார் என்று பட்டியல் போடும்போது 'கூலிகள் எனப்படுவோர், அரேபியர், மலாய்க்காரர்' என்று எழுதியது. 1893இல் காந்தி வந்து இறங்கியபோது அவர் 'கூலி பாரிஸ்டர்'. கடை வைத்திருந்தவர் கூலி வியாபாரி. ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்களை ஒதுக்கி வைத்த இடம் 'கூலி லொகேஷன்'. முகரம் பண்டிகைக்குக்கூட டர்பன் வெள்ளைக்காரர்கள் 'கூலி கிறிஸ்துமஸ்' என்று பெயர் வைத்தார்கள். கரும்பு வெட்டாதவனும் கூலி, கோர்ட்டில் வாதாடுகிறவனும் கூலி. செய்கிற தொழிலுக்கும் அந்தச் சொல்லுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்து, பிறப்போடு கட்டிவிட்டார்கள். தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டால் மறுநாள் வேறு தொழிலுக்குப் போய்த் தப்பலாம். பிறப்பைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கே போவது? ஒரு சொல் வசையாகும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

தப்பப் பார்த்தவர்களும் இருந்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் தங்களை அரேபியர் என்றும், பார்சி குமாஸ்தாக்கள் பாரசீகர் என்றும் சொல்லிக்கொண்டதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். காசு கொடுத்து டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு அந்த வழி இருந்தது. ஒப்பந்தத்தில் வந்த முனுசாமிக்கும் எல்லம்மாளுக்கும் இல்லை. மேலே இருந்தவர்கள் உதறிவிட்டுப் போன சொல், அடியில் இருந்தவர்கள் தலையில் இரட்டைச் சுமையாக ஏறியது.

முனுசாமி என்றதும் இன்னொரு சொல் நினைவுக்கு வருகிறது: சாமி. ராமசாமி, கோவிந்தசாமி என்று நம்மவர் பெயர்களின் வாலில் வரும் சாமியைப் பிடித்துக்கொண்டு, இந்தியன் என்றாலே 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் அது ஆங்கிலச் செல்லப்பெயர் போல 'சாமீ' என்று இழுபட்டது. காய்கறி விற்கிற ஆண் யாரானாலும் சாமி, பெண் யாரானாலும் மேரி. கடவுளையும் எஜமானையும் குறிக்கும் சொல் எப்படி ஏவலாளைக் குறிப்பதானது பாருங்கள். காந்தி தன் சுயசரிதையில் ஒன்று சொல்கிறார்: துணிச்சல் உள்ள இந்தியன், "என்னைச் சாமி என்கிறீர்கள். சாமி என்றால் எஜமான். நான் உங்கள் எஜமான் இல்லையே!" என்று திருப்பிக் கொடுப்பானாம். சில ஆங்கிலேயர்கள் கூசிப்போவார்கள், சிலர் அடிக்கவும் வருவார்களாம். சொல்லின் வேரைக் காட்டி எதிராளியை நிறுத்திய அந்தப் பெயர் தெரியாத தமிழனை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வாய்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஆயாவின் அப்பா காட்டோ மேனரில் தோட்டம் போட்டிருந்தார். விடிவதற்கு முன்னே கீரையும் கத்தரிக்காயும் பறித்து, தோளில் கட்டை வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியில் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு நடப்பார். ஆயாவுக்கு அப்போது எட்டு வயது, கூடவே ஓடுவாராம். ஒரு வீட்டில் பல வருடமாக வாடிக்கை. அந்த வீட்டுச் சின்னப் பெண், ஆயாவின் வயதுதான், ஜன்னலிலிருந்து "சாமி, நாளைக்குத் தக்காளி!" என்று கத்தும். அப்பா தலையாட்டுவார். "எங்கப்பா பேருல சாமியே இல்லம்மா. அத்தனை வருஷத்துல அவங்க ஒரு நாளும் பேரு கேக்கல" என்று ஆயா சொன்னார். அந்தக் குழந்தை கெட்ட எண்ணத்தோடு கூப்பிடவில்லை என்பதும் ஆயாவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அறுபது வருடம் கழித்து அதைத்தான் நினைவு வைத்திருந்தார். கெட்ட எண்ணம் இல்லாமல் சொன்னேன் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

கூலி என்ற சொல் இங்குள்ள ஆப்பிரிக்கர் பேசும் சுலு மொழிக்குள்ளும் போயிருக்கிறது. 'அமகுலா' என்றால் இந்தியர்கள். சுலு பேசும் பெரியவர்கள் பலருக்கு அது வசை என்ற நினைப்பே இல்லை, கேட்டு வளர்ந்த பெயர், அவ்வளவுதான். ஆனால் 2011இல் ஆளுங்கட்சி இளைஞர் அணியின் தலைவராக இருந்த ஜூலியஸ் மலேமா ஒரு பேச்சில் இந்தியர்களை 'மகுலா' என்று குறிப்பிட்டபோது எதிர்ப்புக் கிளம்பி, அவர் மன்னிப்புக் கேட்டார். சொன்னவர் காதுக்கும் கேட்டவர் காதுக்கும் நடுவே நூற்றைம்பது வருடம் நின்றது.

இனி சாரோவுக்கு வருவோம். இதன் பின்பாதியான 'ஓ' ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஆள், பையன் என்று பொருள்படும். முன்பாதிக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், அதை விடுவோம். டர்பன் இந்தியப் பையன்கள் தங்களுக்குள், அதுவும் சமமானவர்களுக்குள், தோளில் தட்டிச் சொல்லும்போது அதில் ஒட்டுதல் இருக்கிறது. ஒரே தெரு, ஒரே கிரிக்கெட், ஒரே பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) என்று அர்த்தம். அதையே வேறு இனத்து மேலதிகாரி அலுவலகத்தில் சொன்னால் முகத்தில் அடித்தது போல இருக்கும். நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்று சொல்லியிருக்கிறதே, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி, அதில் மூன்றாவது இது. ஒரு கூட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதைக் குழூஉக்குறிக்கு உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்பவர் அதைச் சொன்னால் ஒன்று அர்த்தமில்லை, இல்லாவிட்டால் வேறு அர்த்தம். நீங்கள் தமிழர்தான், ஆனால் ஆறு மாதத்துத் தமிழர். அவர்களாக உங்களை அப்படிக் கூப்பிடும் வரை நீங்கள் அந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பது நல்லது.

எங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் குத்திக்கொண்ட சொற்களும் இருக்கின்றன. இந்தி வழி வந்தவர்கள் 'ரொட்டி-ஓ', தமிழர்கள் 'போரிட்ஜ்-ஓ'. கேப் டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் ராஜேந்த் மேஸ்திரி 2010இல் தென்னாப்பிரிக்க இந்தியர் பேசும் ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். இப்படிப்பட்ட சொற்களைப் பொறுமையாகத் திரட்டியவர் அவர். போரிட்ஜ் என்பது நம் கூழ்தான். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். அம்மனுக்குப் படைப்பதையே சொல்லி ஒருவனை மட்டம் தட்டுவது என்றால் ஒரு காலத்தில் அது எப்படி வலித்திருக்கும்! வேறு வீட்டில் பெண் கொடுக்கமாட்டோம் என்ற பிடிவாதம் அதன் பின்னால் இருந்தது. இன்று அந்தப் பிடிவாதம் தளர்ந்துவிட்டது. போன வருடம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இந்தி வழி, பெண் வீட்டார் தமிழர். பெண்ணின் தாத்தா மைக்கைப் பிடித்து, "இனிமே எங்க வீட்டுல ரொட்டிய போரிட்ஜுல தொட்டுத்தான் சாப்பிடணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னதும் இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். சொல் அதுவேதான். அதற்கு முள்ளைக் கொடுத்த ஏற்றத்தாழ்வு கரைந்துவிட்டதால் முள் மழுங்கிவிட்டது. கூலிக்கு அப்படி நடக்கவில்லை, ஏனென்றால் அந்த ஏற்றத்தாழ்வை யாரும் கல்யாணம் பண்ணிக் கரைக்கவில்லை.

மேலே ஏறிய சொல்லும் உண்டு. 'லானி' என்றால் டர்பன் இந்தியர் வாயில் முதலில் வெள்ளைக்காரர், முதலாளி. முதுகுக்குப் பின்னால் சொல்லும் சொல். இப்போது நாடு முழுக்க, எந்த நிறத்தவரும், ஓர் ஓட்டல் பகட்டாக இருந்தால் 'லானியான இடம்' என்கிறார்கள். ஆளிலிருந்து நழுவிப் பொருளின் தரமாகிவிட்டது. கூலி போன திசைக்கு நேர் எதிர்த் திசை. அடியில் இருப்பவர் மேலே இருப்பவருக்கு வைத்த பெயர் கடைசியில் பாராட்டாக முடிகிறது, மேலே இருப்பவர் அடியில் இருப்பவருக்கு வைத்த பெயர் நஞ்சாக முடிகிறது. எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்த சொற்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் போயிருக்கின்றன. படிக்கும்போது இவற்றுக்கு இழிபொருட்பேறு, உயர்பொருட்பேறு என்று பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். காரணம் மட்டும் எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது.

தெரிந்தே ஒரு சொல்லைப் புரட்டிப் போட்டவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். நிறவெறிக் காலத்தில் அரசு எல்லோரையும் 'வெள்ளையரல்லாதோர்' என்று ஒரே பலகையில் எழுதியது. பெஞ்சில், வாசலில், கடற்கரையில் எங்கும் அதே பலகை. 1970 வாக்கில், கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தை முன்னெடுத்த ஸ்டீவ் பிகோவும் அவரோடு சேர்ந்த மாணவர்களும் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒடுக்கப்பட்ட எல்லோரும் 'கறுப்பர்' என்றார்கள். டர்பனைச் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இந்திய வம்சாவளியினரும் தங்களைக் கறுப்பர் என்று அறிவித்துக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அதோடு நிற்கவில்லை. வெள்ளையனாக ஆசைப்பட்டு நிறத்தால் முடியாமல் போனவன்தான் வெள்ளையரல்லாதவன் என்று பிகோ எழுதினார். அரசாங்கம் மரியாதையான சொல் என்று நினைத்துப் பலகையில் எழுதியது இயக்கத்துக்குள் வசையாகிவிட்டது, வசையாக இருந்தது பெருமையாகிவிட்டது. நம் வீடுகளில் நிறத்தைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்வோம் என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒரு பையன் எழுபதுகளில் "நான் கறுப்பன்" என்று தலைநிமிர்ந்து சொன்னான் என்றால் அது சாதாரணக் காரியம் இல்லை.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் நேர்மை இருக்காது. தென்னாப்பிரிக்காவின் மிகக் கொடிய வசை எங்கள் மேல் வீசப்பட்டது அல்ல, ஆப்பிரிக்கர் மேல் வீசப்பட்டது. அதை இங்கே முழுதாக உச்சரிக்க மாட்டார்கள், 'கே-வேர்ட்' என்பார்கள், நானும் எழுதவில்லை. அரபு மொழியில் இறைவனை ஏற்காதவர் என்று பொருள்பட்ட சொல், கிழக்குக் கடற்கரை வழியாகப் போர்த்துக்கீசியருக்கும் டச்சுக்காரருக்கும் போய், ஒரு காலத்தில் போர்களுக்கும் நிலப்பகுதிகளுக்கும் அரசாங்கப் பெயராகவே இருந்தது. 2018இல், கறுப்பினப் போலீஸ்காரரைத் திரும்பத் திரும்ப அந்தச் சொல்லால் திட்டிய பெண் ஒருவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் மாட்ரிடில் கூடிய தாவரவியலாளர்கள், செடிகொடிகளின் அறிவியல் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்த 'காஃப்ரா'வை 'ஆஃப்ரா' என்று மாற்ற வாக்களித்தார்கள். டர்பன் கடற்கரையோரம் செக்கச்செவேலென்று பூக்கும் மரம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், நம் கல்யாண முருங்கையின் கூடப்பிறந்தது. அதன் பெயரில் இருந்த அந்தச் சொல்லும் இதில் போய்விட்டது. இங்கே இந்தியர்கள் வீடுகளில் ஆப்பிரிக்கர்களைப் பற்றிச் சொல்லும் சொற்களை, சமையலறையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் புரியாது என்று நினைத்துத் தமிழில் சொல்லும் சொற்களை, நானும் கேட்டிருக்கிறேன். அவை புரிகின்றன. எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் சுலு அம்மாள் ஒருவர், தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை எனக்குச் சொல்லிக் காட்டினார். பத்தில் மூன்று அப்படிப்பட்டவை. கூலி என்றால் நமக்கு எங்கே வலிக்கிறதோ அங்கேதான் அவருக்கும் வலிக்கிறது.

ஊர் மாறினால் சொல்லின் சூடு எவ்வளவு மாறும் என்பதற்குப் பக்கத்துத் தீவுகளைப் பாருங்கள். ரீயூனியனில் தமிழ் வம்சாவளியினர் தங்களை 'மல்பார்' என்று இயல்பாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் தமிழையே மலபார் மொழி என்றார்கள், தரங்கம்பாடியில் தமிழை அச்சேற்றிய பாதிரிமார் உட்பட. அதன் மிச்சம் இது. அங்கிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி மொரீஷியஸில் அதே 'மல்பார்', வடநாட்டு வழி இந்துக்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை. ரீயூனியனில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 'காஃப்', அடிமை முறை ஒழிந்த டிசம்பர் 20ஐ அந்தப் பெயரிலேயே திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். அதன் உடன்பிறந்த சொல்லுக்கு இங்கே சிறை. மொரீஷியஸில் ஒப்பந்த ஆட்கள் வந்து இறங்கிய படித்துறைக்குக் கூலி காட் என்றே பெயர், இப்போது ஆப்பிரவாசி காட். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படித்துறையின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள், ஆனால் அதே தீவின் கவிஞர் கால் தொராபுலி அதை எடுத்து 'கூலிட்யூட்' என்று ஒரு கோட்பாட்டுக்கே பெயராக வைத்தார். இரண்டு பேரும் ஒரே காயத்துக்குத்தான் மருந்து தேடினார்கள்.

தமிழுக்குள்ளேயே சொற்கள் இப்படிப் புரண்டிருக்கின்றன. "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் பாடியபோது நாற்றம் நறுமணம். சென்னை ரிக்‌ஷா ஸ்டாண்டின் கஸ்மாலம், கீதையில் அர்ஜுனனைப் பார்த்துக் கண்ணன் "இந்தச் சோர்வு உனக்கு எங்கிருந்து வந்தது" என்று கேட்கும் இடத்தில் வரும் வடசொல். பேமானி உருதுவில் நேர்மையற்றவன். இரண்டும் சினிமாவில் சிரிப்புக்காகப் புழங்கிப் புழங்கிச் சாரம் இழந்துவிட்டன. இவற்றால் இன்று யாரும் அழப்போவதில்லை.

ஆனால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இங்கே தமிழில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசத் தெரியாத பையன்களுக்கும் தமிழ் வசைகள் தெரியும். மொழி போனாலும் வசை தங்கிவிடுகிறது, கோபத்தில் வருவது ஆழத்தில் பதிகிறது. என் சனிக்கிழமை வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், பென்சிலை எடுத்துக்கொண்ட பெண்ணை, அவன் தாத்தாவிடம் கேட்ட ஒரு சொல்லால் திட்டினான். எந்தச் சொல் என்று நீங்களே ஊகிப்பீர்கள். நான் திட்டவில்லை. கரும்பலகையில் 'தேவர்' என்று எழுதினேன், பக்கத்தில் 'அடியார்' என்று எழுதினேன், நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டேன். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தேவரடியார் என்ற பெண்கள் கோயிலுக்குத் தானம் கொடுத்தவர்களாக, மரியாதைக்குரியவர்களாக வருகிறார்கள் என்று சொன்னேன். அப்புறம் காலம் மாறியது, கோயில் வருமானமும் ஆதரவும் போயின, அந்தப் பெண்களைச் சுரண்டியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள், பெயர் மட்டும் பெண்கள் மேல் சேறாகத் தங்கியது என்றும், 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சட்டம் தடுத்தது என்றும் அவர்கள் வயதுக்கு ஏற்றபடி சொன்னேன்.

பையன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். "அப்போ இது நல்ல வார்த்தையா டீச்சர்?" என்றான்.

"நல்ல வார்த்தையா இருந்தது. நீ இப்ப சொன்னப்போ அவளுக்கு எப்படிக் கேட்டுதுன்னு அவளையே கேளு" என்றேன். அவன் அவளைக் கேட்கவில்லை, பென்சிலை அவளிடமே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. கூலி குறளில் வருகிறது என்பது உண்மை. அந்த உண்மையை எடுத்துக்கொண்டு நண்பரின் அம்மாவிடம் போய் வாதாடாதீர்கள். அவருக்கு அந்தச் சொல் குறளிலிருந்து வரவில்லை, தோட்டத்துரை வாயிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் ஒரு சாதிப் பெயரை வெறும் பெயராகவும் சொல்லலாம், செருப்பைக் கழற்றி அடிப்பது போலவும் சொல்லலாம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அகராதியைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. இங்கேயும் 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அப்படித்தான்.

செய்ய வேண்டியது எளிது. அடுத்த முறை போகும்போது பழமோ இனிப்போ வாங்கிக்கொண்டு போங்கள். "அம்மா, அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை இந்த ஊருல எப்படிக் கேட்கும்னு எனக்குத் தெரியல, மன்னிச்சிடுங்க" என்று சொன்னால் போதும். விளக்கம் வேண்டாம். ஊர்க் கதை பேசும்போது வேலையாள், கொத்தனார், சம்பளம் என்று சொல்லிப் பழகுங்கள். அவர் மனம் இறங்கி, தன் வீட்டார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் சொல்வார்கள்.

என் பக்கத்து வீட்டு ஆயா சொல்ல மூன்று வருடம் ஆனது. ஒரு நவம்பரில், அவருடைய பேரன் கப்பல் பட்டியலிலிருந்து எடுத்துவந்த நகல் ஒன்றை என்னிடம் நீட்டினார். ஆயாவின் தாத்தாவுடையது. கண்ணாடி போட்டும் அவருக்கு அந்த எழுத்து பிடிபடவில்லை. எண் இருந்தது, வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் இருந்தன. "அவருக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார். அந்தத் தாளில் அது இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்திருந்ததால், முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங் என்றேன்.

"அது கூலி" என்றார் ஆயா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "பேரு என்ன போட்டிருக்கு, அதைப் படி."

படித்தேன். பெயர், அப்பா பெயர், கிராமம், வட ஆற்காடு ஜில்லா. கிராமத்தின் பெயரை வெள்ளைக்காரர் எழுதியிருந்தபடி படிக்காமல், எங்கள் ஊர்ப் பக்கம் எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.